கல்லாப்பெட்டி: சிறு கடைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சென்னையின் மளிகைக் கடைக்காரர்கள் எழுதியவை. ஒரே கவலையைப் பலரும் எழுதியிருப்பதால் முதல் கடிதத்துக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குத் தேவைப்படும் அளவுக்கும் பதில் தருகிறேன்.

கேள்வி: பெரம்பூரில் 19 ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறேன். கைபேசியில் ஆர்டர் எடுத்துப் பத்து, பதினைந்து நிமிடங்களில் வீட்டு வாசலில் பொருளைக் கொடுக்கும் நிறுவனங்கள் எங்கள் பகுதிக்கு வந்த பிறகு, மாலை நேர வியாபாரம் குறைந்துகொண்டே போகிறது. சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், டீத்தூள் ஆகியவற்றுக்கு நானும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தேன். விற்பனை சற்று நிமிர்ந்தது. ஆனால் மாத முடிவில் கையில் எதுவும் மிஞ்சவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: தள்ளுபடியை முதலில் நிறுத்துங்கள். பாக்கெட் சரக்கில் கடைக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து ரூபாய்க்கு உள்ளேயேதான். வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம், எலி கடித்ததும் தேதி முடிந்ததுமான நஷ்டம் எல்லாவற்றையும் அதற்குள்ளிருந்தே கொடுக்க வேண்டும். அதில் ஐந்து ரூபாயை வாடிக்கையாளருக்கு விட்டுக் கொடுத்தால், விற்பனை இரண்டு மடங்கானாலும் நீங்கள் பழைய இடத்திலேயேதான் நிற்பீர்கள். கூடுதலாக உழைத்த களைப்பு மட்டும் மிச்சம். எதிரில் இருப்பவர்கள் முதலீட்டாளர்களின் பணத்தில் ஆண்டுக்கணக்கில் நஷ்டத்தைத் தாங்கக் கூடியவர்கள். உங்களால் மூன்று மாதம் தாங்க முடியுமா?

இதற்கு அடியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பாக்கெட்டின் மேல் விலையை அச்சிடுபவர் நீங்கள் அல்ல. ஆகவே அந்தச் சரக்கில் நீங்கள் வாங்கிக் கைமாற்றுபவர் மட்டுமே. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது. முழுப் பதிவு பெற்ற வியாபாரி, பழைய சரக்குக்குக் கட்டிய வரியைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள முடிந்தது. பதிவு இல்லாத கடைக்காரருக்கும், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் அந்த வழியில்லை. அலமாரியில் இருந்த பழைய சரக்கைப் புதிய விலைக்குக் கொடுத்தபோது, சரக்கு விநியோகிக்கும் ஏஜென்சி ஈடு கொடுக்காத இடங்களில் அந்த இழப்பு அவர்கள் தலையிலேயே விழுந்தது.

தராசில் ஏறும் சரக்கு அப்படிப்பட்டதல்ல. அரிசி, பருப்பு, புளி, வெல்லம், மிளகாய், மல்லி, தேங்காய், கீரை, கறிவேப்பிலை, வாழையிலை, அரைத்த இட்லி மாவு ஆகியவற்றில் எந்தத் தரத்தை எங்கே, என்ன விலைக்கு வாங்குவது என்பதையும், எவ்வளவுக்கு விற்பது என்பதையும் முடிவு செய்பவர் நீங்கள்தான். பழைய பொன்னி எது, புதுப் பொன்னி எது, எந்தத் துவரம்பருப்பு சீக்கிரம் வேகும், எந்தப் புளி சாம்பாரைக் கறுப்பாக்கும் என்று கைபேசித் திரையால் சொல்ல முடியாது. 19 ஆண்டுகளாக அந்தச் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்த உங்களால் முடியும். வரியிலும் இதற்குச் சலுகை உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு மூட்டைகளுக்கு 5 சதவீத வரி வந்ததும், ஆலைகள் 26 கிலோ மூட்டை போடத் தொடங்கிய வேடிக்கையை நீங்களே பார்த்திருப்பீர்கள். மூட்டையைப் பிரித்து, வாங்குபவர் முன்னால் எடை போட்டுக் கொடுக்கும் அரிசிக்கும் பருப்புக்கும் வரி இல்லை.

பாக்கெட் சரக்கை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. சோப்பு வாங்க வருபவர்தான் பருப்பும் வாங்குகிறார். ஆனால் ஒன்பது வகை ஷாம்பு வைக்க வேண்டிய அவசியம் இல்லை. நான் கடைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆண்டு இறுதிச் சரக்கெடுப்பின்போது ஒவ்வொரு கடையிலும் ஒரே காட்சியைத்தான் கண்டேன்: மொத்தமாக வாங்கினால் கிடைக்கும் ஸ்கீம் சலுகைக்கு ஆசைப்பட்டு வாங்கிப்போட்ட பெட்டிகள் பரணில் தூசி படிந்து கிடக்கும், கீழே நல்ல உளுந்து வாங்கப் பணம் இருக்காது. எது வாரத்தில் இரண்டு முறையாவது நகர்கிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தை எடை போடும் சரக்குக்குத் திருப்புங்கள்.

அண்ணாச்சி கடைகளின் காலம் முடிந்தது என்று சென்னை கேட்பது இது முதல் முறையும் அல்ல. 1997-ல் திருவான்மியூரில் முதல் கடையைத் திறந்த சுபிக்ஷா என்ற சங்கிலிக் கடை நிறுவனம், பத்தே ஆண்டுகளில் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாக வளர்ந்து, 2009-ன் தொடக்கத்தில் சரக்குக்கும் சம்பளத்துக்கும் பணமில்லாமல் முடங்கியது. ஆனால் இதைச் சொல்லி உங்களைத் தேற்ற எனக்கு விருப்பமில்லை. அந்த நிறுவனம் தன் கடன் சுமையால் விழுந்ததே தவிர, தெருக்கடைகள் அதை வீழ்த்திவிடவில்லை. அடுத்தவரும் அப்படியே விழுவார் என்று காத்திருப்பது வியாபாரம் ஆகாது.

சட்டத்தையும் அவ்வாறே நம்பியிருக்க வேண்டாம். அந்நிய முதலீடு பெற்ற இணைய வணிக நிறுவனங்கள் தங்கள் சொந்தச் சரக்கை வைத்து விற்கக் கூடாது என்ற விதி 2018-ன் இறுதியில் இறுக்கப்பட்டது. நிமிடங்களில் பொருளைக் கொண்டு தரும் விரைவு வணிக நிறுவனங்களின் விலைக் குறைப்பைப் பற்றி விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024-ல், வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையத்தை அணுகியது. இவை சங்கங்கள் நடத்த வேண்டிய போராட்டங்கள், நடத்தட்டும். நாளைக் காலை உங்கள் கடையில் நல்ல கறிவேப்பிலை இருக்கிறதா என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

கேள்வி: வேளச்சேரியில் சிறிய கடை வைத்திருக்கிறேன். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யு.பி.ஐ. வரவைக் கணக்கிட்டுச் சிறு வியாபாரிகளுக்கு வரி நோட்டீஸ் அனுப்பப்பட்டதைப் படித்தேன். கடையில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைக் கிழித்துவிடலாமா?

பதில்: கிழிக்க வேண்டாம். வரி விதிக்கப்படுவது விற்பனையின் மீது. ரூபாய் நோட்டாக வந்ததா, கைபேசி வழியாக வந்ததா என்பதில் வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் பொருள்களை மட்டும் விற்பவர், ஒரு நிதியாண்டில் விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு பெற வேண்டும். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: வரி இல்லாத உதிரி அரிசி, பருப்பு, காய்கறி ஆகியவற்றின் விற்பனையும் இந்த 40 லட்சத்துக்குள் சேரும். வரி இல்லாத பொருள்களை மட்டுமே விற்பவருக்குத்தான் பதிவு தேவையில்லை. ஒரு சோப்பு அடுக்கு வைத்துவிட்டாலும் அந்தச் சலுகை போய்விடும்.

வரம்பைத் தாண்டிவிட்டால் உலகம் அழிந்துவிடாது. ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பனை உள்ள வியாபாரி காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து, வரிக்குரிய சரக்கின் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். ஆண்டு விற்பனை 60 லட்சம், அதில் 20 லட்சம் வரியில்லாத சரக்கு என்றால், மீதி 40 லட்சத்துக்கு ஆண்டு முழுவதற்குமான வரி 40,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சீட்டுப் பணம், மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று, பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்காக ஊரிலிருந்து அனுப்பிய தொகை எல்லாம் ஒரே கணக்கில் வந்து விழுந்தால், அதிகாரி கேட்கும்போது எது விற்பனை, எது வேறு என்று பிரித்துக் காட்ட முடியாமல் தவிப்பீர்கள். கடைக்கென்று தனி நடப்புக் கணக்கு ஒன்றைத் திறந்து, க்யூஆர் அட்டையை அதனுடன் மட்டும் இணையுங்கள். நாள் விற்பனையை ஒரு வரியில் எழுதும் நோட்டும் வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருக்கடையில் குளிர்பானத்துக்கு அச்சிட்ட விலைக்கு மேல் இரண்டு ரூபாய் ‘கூலிங் சார்ஜ்’ வாங்குகிறார்கள். இது சரியா? (இல்லத்தரசி, மயிலாப்பூர்)

பதில்: சரியல்ல. அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் சில்லறைக் கடைக்காரர் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். குளிர்சாதனப் பெட்டியின் மின்கட்டணம் கடைக்காரரைக் கடிக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு ரூபாய்க்காக அவர் இழப்பது உங்கள் மாத மளிகைப் பட்டியலை. புகாருக்கு முன் அவரிடம் நேரிலேயே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வியாசர்பாடியில் நானும் என் கணவரும் கடை நடத்துகிறோம். பற்று நோட்டில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் நிற்கிறது. கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். கடன் கொடுக்காவிட்டால் கடைக்கே வர மாட்டார்கள். என்ன வழி?

பதில்: சகோதரி, கடன் கொடுப்பதால் வாடிக்கையாளர் தங்குவார் என்பது பாதி உண்மைதான். பாக்கி ஓர் அளவைத் தாண்டியதும் அவர் உங்கள் கடையைக் கடந்து போகவே கூசுகிறார்; சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகப் போகிறார். கையில் ரொக்கம் வந்த அன்று அதை வேறு கடையில் செலவழிக்கிறார். பெரிய பாக்கி உங்களிடமிருந்து பணத்தை மட்டுமல்ல, ஆளையும் கொண்டுபோகிறது.

ஆகவே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மாதச் செலவைத் தாண்டாத எல்லையை வைத்து, அவர்களுக்குச் சம்பளம் வரும் நாளையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் தேதி சம்பளம் வாங்குபவரிடம் முதல் தேதி கேட்டால் சண்டைதான் வரும். பழைய பாக்கியைப் புதிய பற்றுடன் கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதி, வாரம் நூறு, இருநூறு என்று கழிக்கச் சொல்லுங்கள். அன்றைய சரக்கை ரொக்கத்துக்குக் கொடுங்கள். இப்படிச் செய்தால் அவர் மறுபடியும் உங்கள் கடைக்குத் தலைநிமிர்ந்து வர முடியும். விற்ற சரக்குக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான் கால வரம்பு என்பதையும், அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும் என்பதையும் அறிந்திருப்பது நல்லது. மளிகைப் பாக்கிக்கு யாரும் நீதிமன்றம் போவதில்லை. ஆனால் கையெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு.

கேள்வி: விருகம்பாக்கத்தில் 27 ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். சிறுவனாகத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, உறவினர் கடையில் வேலை கற்று, அவரே உதவி செய்துதான் இந்தக் கடை உண்டானது. மகன் சிறுசேரியில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். கடைக்கு வர விருப்பமில்லை. ஊரிலிருந்தும் இப்போது பையன்கள் வருவதில்லை. கடையை என்ன செய்வது?

பதில்: உங்கள் தலைமுறையில் தென்மாவட்டங்களிலிருந்து வந்த பையன், கடையிலேயே தங்கிச் சாப்பிட்டு, சம்பளத்தை முதலாளியிடமே சேர விட்டு, ஒரு நாள் அந்தப் பணத்துடனும் முதலாளியின் ஜாமீனுடனும் தனிக்கடை வைப்பான். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி, 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய நிறுவனமும் இதே கைகொடுக்கும் பழக்கத்திலிருந்து முளைத்ததுதான். அந்தச் சங்கிலி அறுந்ததற்கு வருந்த எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் மூட்டை தூக்குவதைச் சட்டமும் அனுமதிக்காது. நாமும் அனுமதிக்கக் கூடாது. உங்கள் மகன் படித்ததற்கான பணம் இந்தக் கல்லாவிலிருந்து போனதுதான் அல்லவா? அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கடையை நம்பிக்கையான ஒருவருக்கு விற்கலாம். பல ஆண்டுகளாக உங்களிடம் வேலை பார்த்தவர் இருந்தால், தவணையில் பணம் பெற்றுக்கொண்டு அவரிடமே ஒப்படைக்கலாம். ஆனால் விற்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சரக்குக்கும் அலமாரிக்கும் கிடைப்பது சொற்பம். 27 ஆண்டுகளாக மக்கள் அந்த வாசலுக்கு வந்து பழகியதுதான் பெரிய மதிப்பு. அதுவோ இடத்தோடு ஒட்டியது. உங்கள் கடிதத்தில் வாடகையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பலரைப் போல நீங்களும் கட்டட உரிமையாளருடன் வாய்ப்பேச்சில்தான் இருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்.

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடுகளைப் போலவே கடைகளுக்கும் அது பொருந்தும். கோயிலுக்கோ அரசுக்கோ சொந்தமான கட்டடங்களுக்கு வேறு விதிகள் உண்டு. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் ஏற்படாததையே காரணம் காட்டி, கட்டட உரிமையாளர் உங்களை வெளியேற்றக் கோரவும் சட்டத்தில் இடமிருக்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ள இடம் கொடுத்திருப்பதால், சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் வழக்கம் இன்னும் சாகவில்லை. உரிமையாளரின் சம்மதத்துடன் துணை ஒப்பந்தம் போடாமல் உள்வாடகைக்கு விடுவதும் சட்டப்படி செல்லாது.

ஆகையால் வாங்குபவரைத் தேடுவதற்கு முன் கட்டட உரிமையாளரைப் போய்ப் பாருங்கள். மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதி, ஆண்டுதோறும் வாடகை எவ்வளவு உயரும் என்பதையும், கடையை வேறொருவருக்கு மாற்றினால் அவர் பெயரில் ஒப்பந்தம் தொடரும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அவரும் வயதானவராக இருந்தால் அவருடைய பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடுத்த ஒப்பந்தத்தைப் பேசப்போவது அவர்களாகவும் இருக்கலாம்.