ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால்?

அம்மாவின் நோய் தொடங்கியதிலிருந்து முழங்காலில் நின்றாலும் வார்த்தை வருவதில்லை, கோபம்தான் வருகிறது, அது பாவமோ என்று கேட்டிருந்தீர்கள். பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பைபிளில் சங்கீதம் 13 எடுத்துப் பாருங்கள். ஆரம்பமே "எதுவரைக்கும்" என்ற கேள்விதான். என்னை மறந்துவிட்டீரா என்று கர்த்தரிடம் நேருக்கு நேர் கேட்கிறது. 88 இன்னும் கடுமை. பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும், இது திரும்பாது. ஆறுதலே இல்லாமல் முடிகிறது. (அதை நீக்காமல் விட்டுவைத்தார்களே என்று எனக்கு ஆச்சரியம் உண்டு.) அப்புறம் கெத்செமனே, சிலுவைக்கு முந்தைய இரவில் இயேசு ஜெபித்த இடம். இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார் என்கிறது மத்தேயு 26. சிலுவையில் கதறியதும் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான்.

ஆகவே சொந்த வார்த்தை தேடி அலைய வேண்டாம். 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள், ஆறே வசனம்தான். அதுவும் முடியாத இரவில் சும்மா உட்கார்ந்திருங்கள். ஏற்றபடி ஜெபிக்கத் தெரியாதபோது ஆவியானவரே வாக்குக்கு அடங்காத பெருமூச்சோடு வேண்டுகிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது. சபையில் நம்பகமான ஒருவரிடம் அம்மாவுக்காக ஜெபிக்கச் சொல்லுங்கள். கோபத்தையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.