டொமைன் மாற்றினால் கூகுள் தரவரிசை போய்விடுமா?

தளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றும்போது, தேடலில் இருக்கும் இடத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியும். சில வாரங்கள் ஏற்ற இறக்கம் இருக்கும், பதற வேண்டாம்.

முக்கால்வாசி வேலை 301 ரீடைரெக்ட்தான், அதாவது பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடுவது. பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கமும் புதிய தளத்தில் அதற்கு இணையான பக்கத்துக்கே போக வேண்டும். 'விலைப்பட்டியல்' பக்கம் 'விலைப்பட்டியல்' பக்கத்துக்கு, அதுவும் நடுவில் இன்னொரு ரீடைரெக்ட் இல்லாமல் நேராக. பலர் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். கூகுள் அதைப் பெரும்பாலும் சாஃப்ட் 404, அதாவது பக்கமே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து கிடைத்த இணைப்புகளின் பலனும் வீண்.

அப்புறம் சைட்மேப் (தளத்தின் பக்கங்களின் பட்டியல்), உள் இணைப்புகள், கெனானிக்கல் டேக் (ஒரு பக்கத்தின் அசல் முகவரி எது என்று கூகுளுக்குச் சொல்லும் குறி) மூன்றையும் புதிய டொமைனுக்கு மாற்றுங்கள். இந்தக் கடைசி ஆசாமிதான் பழைய டொமைனையே காட்டிக்கொண்டு கண்ணில் படாமல் இருப்பார். பக்கத்தின் சோர்ஸ் கோடைத் திறந்து பாருங்கள்.

தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் இரண்டு டொமைன்களும் உங்களுடையவை என்று உறுதிசெய்து, முகவரி மாற்றத்தைத் தெரிவியுங்கள். ரீடைரெக்டைக் குறைந்தது 1 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். என்னைக் கேட்டால் பழைய டொமைனை விடவே வேண்டாம், காலாவதியானால் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள். டிசைனையும் சேர்த்தே மாற்றலாம் என்ற ஆசை வரும். அதைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் டிராஃபிக் குறையும்போது காரணம் எதுவென்றே பிடிபடாது.