கடைசியாகப் பேசியவர் சொல்வதே சரியாகப் படுகிறதா?

கேள்வி: அலுவலகத்தில் ஆள் தேர்வுக் குழுவில் இருக்கிறேன். திறந்த மனத்துடன் எல்லோர் பேச்சையும் கேட்கிறேன். ஆனால் கடைசியாக யார் பேசுகிறாரோ அவர் சொல்வதே சரி என்று தோன்றிவிடுகிறது. “உங்களுக்கென்று ஒரு கருத்தே கிடையாதா?” என்று சக உறுப்பினர் கேட்டுவிட்டார். அடுத்த கூட்டத்தில் விட்டுக்கொடுக்காமல் இருந்து பார்த்தேன். அது வெறும் பிடிவாதமாகப் பட்டது. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது?

பதில்: நடுவே என்று ஓர் இடத்தைத் தேடுவதுதான் உங்களை அலைக்கழிக்கிறது. நற்பண்பு மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்டது என்று சொன்னவர் அரிஸ்டாட்டில். ஆனால் அவரே உடனடியாக ஓர் எச்சரிக்கையும் தருகிறார். ஒருவருக்குப் பத்துப் பங்கு உணவு அதிகம், இரண்டு பங்கு குறைவு என்பதால் பயிற்சியாளர் ஆறு பங்கு கொடுத்துவிட மாட்டார். மல்யுத்த வீரர் மைலோவுக்கு ஆறு போதாது. பயிற்சியை இப்போதுதான் தொடங்கியவருக்கு அதுவே அதிகம். ஆளையும் சூழலையும் பார்த்துத்தான் அளவு.

உங்கள் குழுவுக்கே வருவோம். விண்ணப்பதாரரின் எழுத்துத் தேர்வுத் தாளை நீங்களே வரிவரியாகத் திருத்தியிருக்கிறீர்கள். ஒருவர், “ஏனோ இவரைப் பார்த்தால் எனக்குத் திருப்தி இல்லை” என்கிறார். அங்கே அசையக் கூடாது. இன்னொருவர், “இவருடன் வேலை செய்திருக்கிறேன், வாடிக்கையாளரின் புகார்களை இவர் மறைத்ததை நேரில் பார்த்தேன்” என்கிறார். அங்கே அசையாமல் இருப்பதுதான் தவறு. இரண்டிலும் செயல்படுவது ஒரே பண்பு: உண்மை எதுவோ அதைப் பிடிக்க வேண்டும் என்ற அக்கறை. உறுதியும் திறந்த மனமும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல.

அறிவு என்றால் என்ன, எதை நம்பலாம் என்று ஆராயும் தத்துவப் பிரிவான அறிவாய்வியலில், பண்பை முன்வைக்கும் இந்தப் பார்வை வலுப்பெற்றது கடந்த சில பத்தாண்டுகளில்தான். அதற்கு முன் ‘இந்த நம்பிக்கைக்குப் போதிய ஆதாரம் உண்டா?’ என்பதே முதன்மையான கேள்வி. 1980இல் தத்துவ அறிஞர் எர்னஸ்ட் சோசா எழுதிய ஒரு கட்டுரை, நம்புகிறவரின் அறிவுசார் பண்புகள் பக்கம் கவனத்தைத் திருப்பியது. 1996இல் இன்னொரு தத்துவ அறிஞரான லிண்டா சாக்செப்ஸ்கி, அத்தகைய பண்புக்கு இரண்டு கூறுகள் வேண்டும் என்றார்: சரியான உந்துதல், அந்த உந்துதல் நாடும் இலக்கை நம்பகமாக எட்டும் திறன். உங்கள் விஷயத்தில் நான் முதலில் சோதிப்பது உந்துதலைத்தான். நீங்கள் மனம் மாறும்போது உங்களை மாற்றியது காரணமா, எதிரில் இருப்பவரின் முகம் வாடிவிடக் கூடாது என்ற எண்ணமா? இரண்டாவது என்றால் அதற்குத் திறந்த மனம் என்று பெயர் வைக்க முடியாது. அது இணக்கம். வீட்டிலும் நட்பிலும் அதற்கு மதிப்பு உண்டு. ஒருவரின் வேலைவாய்ப்பைத் தீர்மானிக்கும் மேசையில் அது போதாது.

கடைசியாகப் பேசியவர் சொன்னது பல முறை சரியாகவே அமைந்திருக்கலாம். அதிலும் நிம்மதி அடைய வேண்டாம். சோசா உதாரணமாகக் காட்டும் வில்லாளியை எண்ணிப் பாருங்கள். திறமையாகத்தான் எய்கிறார், ஒரு காற்று அம்பை விலக்குகிறது, இன்னொரு காற்று அதைத் திருப்பிக் கொண்டுவருகிறது. இலக்கில் தைத்தது, ஆனால் அவர் திறமையால் தைக்கவில்லை. அப்படி அமையும் முடிவு அடுத்த முறையும் சரியாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. நேர்காணலில் இது மிகவும் முக்கியம். யார் சொல்லுக்கு நாம் எடை குறைத்துப் போடுகிறோம் என்பது. பேசுபவர் யார் என்ற முன்முடிவால் அவர் சொல்லை நம்ப மறுப்பதை ஒரு அநீதி என்றே 2007இல் தத்துவ அறிஞர் மிராண்டா ஃபிரிக்கர் வாதிட்டார். தயங்கித் தயங்கி இளைய உறுப்பினர் முதலில் சொன்ன அதே காரணத்தை, மூத்தவர் கடைசியில் கணீரென்று சொன்னபோதுதான் உங்களுக்கு உறைத்ததா? ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பண்பு இருந்தால் போதும், தானாக வெளிப்பட்டுவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். 1973இல் உளவியலாளர்கள் டார்லியும் பேட்சனும் இறையியல் மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வில், வழியில் துவண்டு கிடந்தவருக்கு உதவ முன்வந்தவர்கள், அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். நிலையான குணம் என்பதே பெரும்பாலும் கற்பனை என்று இதை வைத்துச் சில தத்துவ அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். பண்புள்ளவர் தன் சூழலையும் சீர்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே எனக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

ஆகவே, விவாதம் தொடங்கும் முன் உங்கள் மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள். பேசும் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்லிக் குழுத் தலைவரிடம் கேளுங்கள். கூட்டம் முடியும் அவசரத்தில் மதிப்பெண்ணை மாற்றாதீர்கள்; பத்து நிமிடம் இடைவேளை கேட்பதில் தவறில்லை. மாற்றினால், எந்தப் புதிய தகவலால் அல்லது எந்த வாதத்தால் மாற்றினீர்கள் என்று அதே தாளில் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் பழைய மதிப்பெண்ணே நிற்கட்டும்.

சில கூட்டங்கள் கழித்துத் தாள்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மாற்றிய இடங்களிலெல்லாம் ஒரே உறுப்பினரின் பெயர் வந்தால், நீங்கள் செவிசாய்ப்பது வாதத்துக்கு அல்ல, அந்த ஆளுக்கு. ஒரு முறைகூட மாற்றவில்லை என்றால் மறுபக்கம் சாய்ந்துவிட்டீர்களா என்று பாருங்கள்.