ஜெசிகா லால் வழக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விருந்துக்கு அத்தனை பேர் வந்திருந்தும் சாட்சி கிடைக்கவில்லையா?

கிடைத்தார்கள். அப்புறம் பிறழ்ந்தார்கள். 1999 ஏப்ரல் 29 இரவு, டெல்லி மெஹ்ரோலியில் குதுப் கொலோனேடுக்குள் இருந்த டாமரிண்ட் கோர்ட் உணவகத்தில் விருந்து; அங்கே மது பரிமாறிக்கொண்டிருந்தவர் மாடல் ஜெசிகா லால். மது தீர்ந்துவிட்டது, இனி கிடையாது என்று சொன்னதற்காக அரசியல்வாதி ஒருவரின் மகனான மனு சர்மா முதல் குண்டைக் கூரையைப் பார்த்தும், அடுத்ததை ஜெசிகாவின் தலையிலும் சுட்டார். (அங்கே மது விற்க உரிமமே இல்லை என்பது தனிக்கதை.) யாருடைய வாக்குமூலத்தின் மேல் முதல் தகவல் அறிக்கை பதிவானதோ, ஜெசிகாவுடன் மது பரிமாறிய அந்த ஷயன் முன்ஷியே கூண்டில் ஏறியதும் தனக்கு இந்தி தெரியாது, சுட்டது இரண்டு பேர் என்று மாற்றிப் பேசினார்.

கேள்வி: போலீஸிடம் முதலில் சொன்னதை வைத்தே தண்டிக்க முடியாதா?

முடியாது. விசாரணையின்போது போலீஸ் பதியும் வாக்குமூலம் சாட்சியம் ஆகாது; சொன்னவர் மாற்றிப் பேசினால் அவரை மடக்கத்தான் உதவும். அதனால்தான் முக்கிய சாட்சிகளை முன்கூட்டியே மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி வாக்குமூலம் பதிவது நல்லது.

கேள்வி: துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவே இல்லையே, எப்படித் தண்டித்தார்கள்?

வழக்கின் உயிர்நாடியே இதுதான். சம்பவ இடத்தில் இரண்டு காலி தோட்டாக்கள் கிடைத்தன. அவை இரண்டு துப்பாக்கிகளிலிருந்து வந்தவைபோலத் தெரிகிறது என்றது ஆய்வகம்; சுட்டது இரண்டு பேர் என்ற பேச்சுக்கு அது துணைபோனது. ஒப்பிட்டுப் பார்க்கத் துப்பாக்கியே கையில் இல்லாதபோது சொன்ன கருத்து அது! இருந்தாலும் விசாரணை நீதிமன்றம் அதை ஏற்றது, உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

மனு சர்மாவின் பெயரில் .22 பெரெட்டா பிஸ்டலுக்கு உரிமம் இருந்தது. அதை அவர் கொண்டுவந்து காட்டவில்லை. காட்டினால் தனக்கே பாதகம் என்பதால்தான் காட்டவில்லை என்று நீதிமன்றம் அனுமானித்தது. அவருடைய டாடா சஃபாரியையும் மறக்க வேண்டாம். கொலை நடந்த இடத்திலிருந்து அதை அவருடைய கூட்டாளிகள் ஓட்டிப்போகும்போது காவலர் ஒருவர் லத்தியால் கண்ணாடியை அடித்து உடைத்தார். பிறகு நொய்டாவில் கிடைத்த அந்த வண்டிக்குள் வெடிக்காத .22 தோட்டா ஒன்று இருந்தது. காலி தோட்டாக்களில் இருந்த அதே 'சி' முத்திரை அதிலும் இருந்தது. என்னைக் கேட்டால், புரண்டு பேசத் தெரியாத ஒரே சாட்சி அந்த வண்டிதான்.

கேள்வி: விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கலாமா?

மறுவிசாரணை எதுவும் நடக்கவில்லை. 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரும் விடுதலை. நாடே கொதித்தது. அரசு மேல்முறையீடு செய்தது, உயர் நீதிமன்றம் அதே சாட்சியங்களை மறுபடி எடைபோட்டு, டிசம்பரில் மனு சர்மாவுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

கேள்வி: இப்போதும் சிறையில்தான் இருக்கிறாரா?

இல்லை. தண்டனை மறுஆய்வு வாரியத்தின் பரிந்துரைப்படி 2020 ஜூனில் முன்கூட்டியே விடுவித்துவிட்டார்கள். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு ரத்தாகவில்லை.