மலை வீட்டில் இன்வெர்ட்டர்: கேள்விகளும் பதில்களும்

தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கற்பூர மரமும் சீகை மரமும் மின்கம்பிகளின் மேல் சாய்வது நீலகிரியில் ஆண்டுதோறும் நடப்பதுதான். இன்வெர்ட்டர் இல்லாமல் அந்த மாதங்களை ஓட்டுவது சிரமம். குன்னூர்ப் பக்கம் வயரிங் வேலை செய்கிறவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியை: வெளியே குளிர் அதிகம். பேட்டரியைப் படுக்கையறை மூலையில் வைக்கலாமா?

வேண்டாம் அம்மா. தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியில் சார்ஜ் நிறைகிற நேரத்தில் ஹைட்ரஜன் வெளியேறும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறைக் காற்றில் 4 சதவீதம் சேர்ந்துவிட்டால் வெடிக்க ஒரு பொறி போதும். சமவெளியில் சன்னல் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். நாமோ பொழுது சாயும்போதே சாத்திவிட்டு, இடுக்கில் துணியும் செருகிவிடுகிறோம். அதே அறையில் கரியடுப்பு மூட்டிக் குளிர் காய்கிறவர்களும் உண்டு. மூடிய அறையில் உயிரைப் பறிக்கக் கரிப்புகை ஒன்றே போதும். பக்கத்தில் பேட்டரியும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு.

சாரல் படாத வராந்தாதான் நல்ல இடம். அது அடைத்த வராந்தாவாக இருந்தால் கூரையை ஒட்டிக் காற்றுத் துளை விடுங்கள். ஹைட்ரஜன் மேலே ஏறும் வாயு. சமையல் எரிவாயு சிலிண்டர் இருக்கும் பக்கமே கூடாது. இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு நேர் மேலே பலகை அடித்து வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். அமில ஆவி உள்ளிருக்கும் போர்டை அரித்துவிடும், இன்வெர்ட்டருக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சில் பொறியும் பறக்கும். பக்கவாட்டில் தள்ளி மாட்டுங்கள். மரத்தரை வீடென்றால் பேட்டரிக்கு அடியில் கனமான பிளாஸ்டிக் தட்டு கட்டாயம்.

மஞ்சூரிலிருந்து: உறைபனிக் காலத்தில் பேட்டரி உறைந்துவிடுமா? பேக்கப் நேரமும் குறைகிறதே?

சார்ஜ் நிறைந்த பேட்டரி நம் ஊர்க் குளிரில் உறையாது. அதன் அமிலம் உறைய மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போக வேண்டும். காலியான பேட்டரியின் அமிலமோ ஏறக்குறைய தண்ணீர் மாதிரி ஆகிவிடும். ஆகவே பனிக்காலத்தில் காலியாக விட்டு வைக்காதீர்கள். பேக்கப் குறைவது இயல்பு. 0 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வரை கொள்ளளவு இறங்கும். வெயில் வந்ததும் திரும்பிவிடும், பேட்டரி கெட்டுவிட்டதென்று மாற்றிவிட வேண்டாம்.

கூடலூரிலிருந்து: எலக்ட்ரீஷியன் வருவதற்குத் தாமதமாகிறது. மெயினை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டரிலிருந்து ஒரு வயரை இழுத்துச் சுவர் சாக்கெட்டில் செருகினால் வீடு முழுக்க விளக்கு எரியுமாமே?

எரியும். தயவுசெய்து செய்யாதீர்கள் தம்பி. அந்த வயரின் இரு முனையிலும் பிளக் இருக்கும். ஒரு முனை கழன்று வந்தால் 230 வோல்ட் உங்கள் கையில். அதைவிடப் பெரிய கேடு வெளியே இருக்கிறது. மெயினை அணைக்க மறந்த ஒரு நாளில் உங்கள் வீட்டு மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகும். எதிரே டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அது தலைகீழாக வேலை செய்து அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தவும் கூடும். அந்த நேரம் மழையில் நனைந்தபடி கம்பத்தில் நிற்பவர், லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கைவைத்த லைன்மேன். எலக்ட்ரீஷியன் வரும்வரை இன்வெர்ட்டரின் சாக்கெட்டிலேயே ஒரு நீட்டிப்புப் பலகை போட்டு, இரண்டு விளக்கு எரியுங்கள். அது போதும்.

குன்னூரில் தங்கும் விடுதி நடத்துபவர்: இன்வெர்ட்டர் போட்ட நாளிலிருந்து ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது. எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எடுக்காதீர்கள். ஆர்சிசிபி என்பது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச். ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புவதும் சமமா என்று பார்ப்பதே அதன் வேலை. 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால் விழுந்துவிடும். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி ஆர்சிசிபி இருக்கிறது என்கிறீர்கள். உங்கள் இன்வெர்ட்டர் ஓர் ஆர்சிசிபியின் வழியாக மின்சாரம் எடுக்கிறது. விளக்குகளின் நியூட்ரல் மற்றொன்றின் வழியாகத் திரும்புகிறது. இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், கோளாறு தீரும்.

கீசரை இணைக்கலாமா?

கூடாது. கீசர் 2,000 வாட். 900 விஏ இன்வெர்ட்டர் 700 வாட்டைத் தாண்டாது. அறை ஹீட்டருக்கும் இதே பதில்.

அரவங்காட்டிலிருந்து: அம்மாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓடுகிறது. 150 ஏஎச் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

5 லிட்டர் கருவி ஏறத்தாழ 350 வாட் இழுக்கும். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்–மணி) என்றால் கணக்குப்படி 1,800 வாட்–மணி. அதில் பாதியைத்தான் நம்ப வேண்டும், இன்வெர்ட்டரின் இழப்பும் உண்டு. ஆகவே இரண்டு மணி நேரம், பனிக்காலத்தில் இன்னும் குறைவு. மரம் விழுந்தால் அதற்குள் மின்சாரம் வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நிரப்பிய சிலிண்டர் ஒன்று, ரெகுலேட்டர் பொருத்தியபடி அம்மாவின் அருகில் இருக்கட்டும். மின்வாரிய மின்சாரம் போலவே சீரான அலை தரும் சைன் வேவ் இன்வெர்ட்டராகவே வாங்குங்கள், மற்ற விளக்குகளை அதில் ஏற்றாதீர்கள். அந்த அறையில் ஊதுபத்தி, கரியடுப்பு எதுவும் கூடாது.

பேட்டரிக்கு ஊற்றுத் தண்ணீர் ஊற்றலாமா? சுத்தமாகத்தானே இருக்கிறது?

குடிக்கச் சுத்தம், பேட்டரிக்கு அதிலுள்ள தாதுக்கள் விஷம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும். மூடியைத் திறக்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். கண்ணில் அமிலம் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீரால் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

உதகையிலிருந்து: பேட்டரி கீழே, இன்வெர்ட்டர் மாடியில். வயரை நீட்டலாமா?

பேட்டரி வயரை நீட்டக் கூடாது. 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் போகிற அதே 700 வாட், 12 வோல்ட்டில் இழப்பும் சேர்த்து 70 ஆம்பியரை நெருங்கும். நீண்ட, மெல்லிய வயர் சூடாகி உருகும். இரண்டையும் ஒரே தளத்தில் வைத்து, வீட்டு லைனை நீட்டுங்கள். பேட்டரியின் பிளஸ் முனையை ஒட்டி ஒரு ஃபியூஸ் அவசியம்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் கருவி மாட்டலாம், ஆனால் எர்த் சரியாக இருந்தால்தான் அது வேலை செய்யும். பழைய பங்களாக்கள் சிலவற்றில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகப் பிடித்திருப்பார்கள். பின்னால் குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றும்போது எர்த் போய்விட்டதை யாரும் கவனிப்பதில்லை. முதலில் அதைச் சோதித்துவிட்டு, தேவையானால் புதிதாக எர்த் குழி போடச் சொல்லுங்கள்.