அப்பாவின் மலச்சிக்கலும் வீடியோவில் வந்த எலியும்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. பாம்பனில் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். நாலைந்து வருடமாக மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறார். மலச்சிக்கல்தான் நடுக்குவாதத்தின் (பார்க்கின்சன் நோய்) ஆரம்பம், எலிகளில் நிரூபித்துவிட்டார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். மூளையை ஸ்கேன் எடுத்துவிடலாமா?

பதில்: ஸ்கேன் இருக்கட்டும். படகில் அப்பா எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

வீடியோவில் சொன்னது பொய்யில்லை, பாதிக் கதை. நடுக்குவாதத்தில் ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் நரம்பு செல்களுக்குள் தாறுமாறாக மடங்கிக் கட்டிதட்டிப் போகும். 2019-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் அப்படிக் கெட்டுப்போன புரதத்தைச் சுண்டெலிகளின் இரைப்பை முடிகிற இடத்திலும் சிறுகுடல் தொடங்குகிற இடத்திலும் ஊசியால் ஏற்றினார்கள். ஒரே மாதத்தில் மூளையின் அடித்தண்டில் அது தெரிந்தது. அப்புறம் மேலே மேலே பரவி, எலிகளின் அசைவும் தடுமாறியது. குடலிலிருந்து மூளைக்குப் போகிற வேகஸ் நரம்பை வெட்டிவிட்ட எலிகளில் பரவவே இல்லை. அருமையான சோதனைதான். ஆனால் அந்த எலிகளுக்கு அது தானாக வந்ததா? ஊசி போட்டு வரவழைத்தது.

மனிதர்களில்? ஹவாயில் 6790 ஆண்களை 24 வருடம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் வெளிக்குப் போகாதவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்றுதான் வந்தது. ஆனால் அத்தனை பேரில் நோய் வந்தது 96 பேருக்கு.

சரி, அப்பா விஷயத்துக்கு வருவோம். நாட்டுப்படகில் கழிப்பறை ஏது? சாயங்காலம் போனால் விடிந்து கரை சேரும்வரை அடக்கித்தான் ஆக வேண்டும். அதற்குப் பயந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரு சின்ன கேன் தண்ணீரை நாலு பேர் ராத்திரி முழுக்க வைத்துக்கொண்டதாக என்னிடம் வந்த ஒருவர் பெருமையாகச் சொன்னார்! குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிற ஊரில் சிக்கனம் பழகிவிடுகிறது. குடல் அப்போது மலத்திலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

அவருக்கென்று தனி பாட்டில் கொடுத்தனுப்புங்கள். கரைக்கு வந்து சாப்பிட்டதும், வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம் போய் உட்காரட்டும். சாப்பிட்டவுடன் குடல் அசைவது இயல்பு. முருங்கைக்கீரை, கொய்யாப்பழம் சேருங்கள். இசப்கோல் என்ற நார்ச்சத்து உமி கொடுத்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு கொடுங்கள், இல்லையென்றால் அதுவே அடைத்துக்கொள்ளும். சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையும் சில பிபி மாத்திரைகளும்கூட மலத்தை இறுக்கும். ரத்தம் போனாலோ எடை குறைந்தாலோ தாமதிக்காமல் குடல் டாக்டரிடம் காட்டுங்கள்.

நரம்பு டாக்டரிடம் எப்போது போவது? அடுப்பில் கருவாடு பொரிந்தும் வாடை தெரியவில்லை, தூக்கத்தில் கத்திக் காலை உதைக்கிறார், வலையைச் சரிசெய்யும்போது ஒரு கை மட்டும் பின்தங்குகிறது என்றால் போங்கள். சாதாரண ஸ்கேனில் இந்த நோய் பெரும்பாலும் தெரியாது. நடையையும் கையையும் பார்த்துத்தான் டாக்டர் கண்டுபிடிப்பார். அதனால் அப்பா வலை ஊசியோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு நிமிடம் ஃபோனில் எடுத்துக்கொண்டு போங்கள்.