கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல்: கழுவுவது சரியா, மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 26, ஐந்தாம் மாதம். சில வாரமாக வெள்ளைப்படுதல் அதிகம், மீன் கவிச்சி போல வாடை. பரிசோதனை செய்துவிட்டு பாக்டீரியா தொற்று என்று மெட்ரோனிடசோல் எழுதித் தந்தார்கள். குழந்தைக்கு ஆகாதோ என்று பயந்து மாத்திரை போடவில்லை. மாமியார் சொன்னபடி கிருமிநாசினி கலந்த வெந்நீரில் உள்ளே வரை கழுவி வருகிறேன். சரிதானா?

பதில்: அப்படிக் கழுவுவதை இன்றோடு நிறுத்துங்கள். பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. தயிரைப் புளிக்க வைக்கிறதே, அதற்குச் சொந்தம்தான் இது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கூடும்போது உட்சுவரில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து நிறையச் சேரும், அதிலிருந்து இந்த நல்ல பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி பிஹெச் அளவை (குறைந்தால் அமிலத்தன்மை அதிகம்) 3.8 முதல் 4.5 வரை வைத்திருப்பதால் மற்ற கிருமிகள் அங்கே எளிதில் பெருக முடியாது. நீங்கள் ஊற்றும் கிருமிநாசினி இந்தக் காவலையும் சேர்த்து அழிக்கிறது. அப்புறம் கார்ட்னெரெல்லா போன்ற வேறு பாக்டீரியாக்கள் இடத்தைப் பிடிக்கும், வாடையும் கூடும். வெளிப்பக்கத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

கர்ப்பத்தில் வாடையோ அரிப்போ இல்லாமல் வெள்ளைப்படுவது இயல்புதான். உங்களுக்கு வாடை இருக்கிறது, பரிசோதனையிலும் தெரிந்துவிட்டது, அதனால் சிகிச்சை வேண்டும். இந்தக் கிருமிகள் கர்ப்பவாய் வழியாக மேலேறினால் பனிக்குடச் சவ்வில் அழற்சி உண்டாகி, 37 வாரத்துக்கு முன்பே பனிக்குடம் உடையவோ வலி வரவோ வாய்ப்பு கூடுகிறது. பயப்படாதீர்கள், இந்தத் தொற்று உள்ள பெரும்பாலானோருக்கு மாதம் நிறைந்துதான் பிரசவம் ஆகிறது.

மெட்ரோனிடசோலைப் பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குத் தருகிறோம், அதனால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு கூடுவதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் 7 நாள் எழுதுவோம், இரண்டாம் நாளே வாடை போய்விட்டாலும் எழுதியபடி முழுவதும் முடியுங்கள். இதைப் போட்டாலே குறைப்பிரசவம் வராது என்று நான் உறுதி சொல்லமாட்டேன், ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, ஆனால் இப்போதுள்ள தொற்று இதில் அடங்கும். திரிதிரியாக வெள்ளைப்பட்டு அரிப்பும் இருந்தால் அது பூஞ்சை, அதற்கு மருந்தே வேறு, கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

முன்பு குறைப்பிரசவம் ஆகியிருந்தால் உங்கள் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். தண்ணீர் போலக் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.